பாம்பன், தனுஷ்கோடி ரயில் பாதை ராமநாதபுரம் கரையை எப்படி மாற்றியது?

சேதுக்கரை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். ராமநாதபுரம் கடற்கரை கடந்த நூறு ஆண்டுகளில் எப்படி மாறியது என்பதைக் காட்டும் பெரிய சுவர் வரைபடம் ஒன்று பள்ளிக் கண்காட்சிக்குத் தயாராகிறது. நடுநாயகமாக வைத்திருப்பது தென்னிந்திய ரயில்வே போட்ட பாதையைத்தான். விவரம் தெரிந்தவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பதால் கேட்கிறேன்.

தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை மூன்றும் பழைய துறைகள். மரக்கலம், வணிகர், சரக்கு எல்லாம் இருந்த ஊர்கள். இவற்றை விட்டுவிட்டு ரயில் ஏன் ஒரு மணல் முனைக்குப் போனது? அந்த ஒரு முடிவால் கரையோர ஊர்களில் எது வளர்ந்தது, எது தேய்ந்தது? இன்று ராமேஸ்வரம் போகும் தடமும் பழைய தனுஷ்கோடித் தடமும் ஒன்றுதானா? மாணவர்கள் தூக்குப் பாலத்தை அட்டையில் செய்து காட்டப் போகிறார்கள். பழைய பாலம் எப்படித் திறந்தது, புதியது எந்த வகையில் வேறு என்று யாராவது விளக்கினால் பேருதவி.

மீட்டர்கேஜ்

முதல் கேள்விக்கு விடை இலங்கையில் இருக்கிறது. அந்தப் பாதை ராமநாதபுரம் கரைக்காகப் போடப்பட்டதே இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எல்லாம் தானாகப் புரியும்.

1876-இல் ரயில் தூத்துக்குடியைத் தொட்டது. அதன்பின் கொழும்புக்குப் போகிறவர்கள் சென்னையிலிருந்து தூத்துக்குடி வரை ரயில், அங்கிருந்து கப்பல் என்று போனார்கள். அதில் இரண்டு தொல்லைகள். தூத்துக்குடியில் கரையோரம் ஆழம் குறைவு. பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரம் போட, ஆளையும் சரக்கையும் சிறு படகில் கொண்டுபோய் ஏற்ற வேண்டியிருந்தது. அடுத்தது தூரம். ஓர் இரவு முழுக்கத் திறந்த கடல்.

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு 22 மைல்தான். இரண்டு மூன்று மணி நேரத்தில் அக்கரை. தொண்டியிலோ தேவிபட்டினத்திலோ பாதையை முடித்திருந்தால் கடல் தூரம் பல மடங்கு ஆகியிருக்கும், கரையோரம் ஆழமும் இல்லை. கீழக்கரை மன்னார் வளைகுடாப் பக்கம். அங்கிருந்து தலைமன்னாருக்கு நேராக விடவும் முடியாது, நடுவில் ஆதாம் பாலத்தின் மணல்திட்டுகள் குறுக்கே கிடக்கின்றன.

மதுரையிலிருந்து மண்டபம் வரை பாதை திறந்தது 1902-இல். அப்போது பயணிகள் மண்டபத்தில் இறங்கிப் படகில் பாம்பனுக்குப் போனார்கள். இலங்கை வரை கடல்மேல் பாலமே கட்டிவிடலாம் என்றும் ஒரு திட்டம் இருந்தது. 299 லட்சம் ரூபாய் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள், லண்டனில் ஒப்புதல் கிடைக்கவில்லை. பாம்பன் கால்வாய்க்கு மட்டும் பாலம், மீதிக்குக் கப்பல் என்று 70 லட்சத்தில் சுருங்கிய திட்டம்தான் நடந்தது. வேலை தொடங்கியது 1911, பாலம் திறந்தது 24 பிப்ரவரி 1914. அதையொட்டியே தனுஷ்கோடி, தலைமன்னார் கப்பலும் ஓடத் தொடங்கியது. கப்பலோடு இணைத்து ஓடிய போட் மெயில் ரயில் தூத்துக்குடியை விட்டுவிட்டுத் தனுஷ்கோடிக்குத் திரும்பியது அப்போதுதான். சென்னையில் எடுத்த ஒரே டிக்கெட்டில் ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று கொழும்பு வரை போகலாம்.

தடம் பற்றி: இரண்டும் ஒன்றல்ல. பலரும் வரைபடத்தில் இங்கேதான் கோட்டைத் தப்பாகப் போடுகிறார்கள். பாம்பன் அன்று ஜங்ஷன். அங்கே பாதை இரண்டாகப் பிரிந்தது. முதன்மைப் பாதை நேராகத் தனுஷ்கோடிக்கு, கிளைப் பாதை ராமேஸ்வரத்துக்கு. இன்று ரயில் ஓடுவது அந்தக் கிளையில். 1964 புயலோடு முதன்மைப் பாதை போய்விட்டது, கிளை பிழைத்தது. ராமேஸ்வரத்தின் வழியாகத் தனுஷ்கோடிக்கு ஒரே கோடு இழுத்துவிடாதீர்கள்.

மன்னார்க்காரன்

அண்ணன் சொன்னது சரி. எங்கட பக்கத்துக் கதையையும் சேர்த்தால்தான் படம் முழுமையாகும்.

போட் மெயில் எண்டால் எல்லாருக்கும் வெள்ளைக்காரத் துரைகளும் வியாபாரிகளும்தான் நினைவுக்கு வருவினம். ஆனால் அந்தப் பாதையில் பெருந்தொகையாகப் போனது தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் கட்டிய கங்காணிமாரும் அவர்கள் கூட்டிக்கொண்டு போன சனமும். 19-ஆம் நூற்றாண்டில் அவர்கள் வள்ளத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்குக் கால்நடையாகப் போனார்கள். வாந்திபேதியிலும் மலேரியாவிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். அந்த வடபாதையை நூற்றாண்டின் கடைசியில் மூடி, ஆட்களைத் தூத்துக்குடி வழியாக அனுப்பத் தொடங்கினார்கள். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் தட்டப்பாறையில் தடுப்பு முகாம் வந்தது அதனால்தான்.

1914-இல் மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை இலங்கை அரசு ரயில் பாதை போட்டது. பிறகு முகாமும் மண்டபத்துக்கு மாறியது. மண்டபம் கேம்ப் எண்டு இண்டைக்கும் ஸ்டேஷன் பெயர்ப்பலகையில் இருக்கே, அந்தக் கேம்ப் இதுதான். நிலம் இந்தியாவில், நடத்தியது இலங்கை அரசு. அங்கே சில நாள் தங்கவைத்து அம்மை குத்தி, துணிமணியை அவித்துக் கிருமி நீக்கி, நோய் இல்லை எண்டு கண்ட பிறகுதான் ரயிலில் ஏற்றுவார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் தகரத் துண்டு. அதில் தோட்டத்தின் அடையாள எண் அடித்திருக்கும். வழிச் செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவது எண்டு பார்க்க அது. முகாம் தனுஷ்கோடியில் இல்லாமல் மண்டபத்தில் இருந்ததற்குக் காரணம் உண்டு. நோய் கண்டால் ஆளைப் பாலத்துக்கு இப்பாலேயே நிறுத்த வேணும், ஆயிரக்கணக்கானோருக்கு இடமும் வேணும்.

1939 ஆகஸ்டில் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் போவதைத் தடை செய்தது. பாதையின் முதற்காரணம் அண்டைக்கே பாதி போய்விட்டது. தோட்டத் தமிழரில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப 1964-இல் போட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அதே வழியில் சனம் எதிர்த்திசையில் வந்தது. இந்தியாவையே காணாத தலைமுறை, தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியது. 1983-க்குப் பிறகு அகதிகளும் மண்டபம் முகாமுக்குத்தான் வந்தார்கள். ஒரே முகாம், மூன்று காலம். உங்கள் வரைபடத்தில் மண்டபத்துக்குத் தனிப் பெட்டி போடுங்கோ. அந்தச் சனத்தின் வரலாறு ஒரு புள்ளிக்குள் அடங்காது.

இன்னொரு விசயம். உங்கட பக்கம் மீட்டர்கேஜ் (ஒரு மீட்டர் அகலப் பாதை), எங்கட பக்கம் 5 அடி 6 அங்குல அகலப் பாதை. ஆகையால் ரயில் பெட்டியைக் கப்பலில் ஏற்றி அக்கரையில் ஓட்டும் வசதி ஒருநாளும் இருந்ததில்லை. எல்லாவற்றையும் இறக்கி ஏற்ற வேணும். இரண்டு முனைகளிலும் கூலி வேலை, சுங்கம், சாப்பாட்டுக் கடை எல்லாம் வளர்ந்தது அந்த இறக்கி ஏற்றும் வேலையால்தான்.

ரிவெட்

பாலத்தைப் பற்றி நான் எழுதுகிறேன்.

பழைய பாலத்தின் நீளம் 2.06 கிலோமீட்டர். 40 அடி நீளமுள்ள 145 நிலையான கர்டர்கள் (எஃகு உத்தரங்கள்), நடுவில் கப்பல் போக ஒரு தூக்கு. தூக்கு ஷெர்சர் வகை. இரண்டு இலைகள் (மேலே நிமிரும் இரு பாதிகள்), ஒவ்வொன்றும் சுமார் 415 டன்.

பலரும் நினைப்பது போல அது கதவுக் கீலில் திறப்பதல்ல. ஒவ்வொரு இலையின் அடிப்பக்கமும் வட்டத்தின் கால்பங்கு போல வளைந்த எஃகுப் பாதம். அது பல் வைத்த தட்டையான தளத்தின்மேல் பின்னோக்கி உருளும், ஆடும் நாற்காலி பின்னால் சாய்வது போல. பாதத்துக்குப் பின்னால் எதிர் எடை. எடை சரியாக இருந்தால் மனிதர்கள் தள்ளவேண்டியது உராய்வையும் காற்றையும் மட்டும்தான். அதனால்தான் 415 டன்னைக் கைநெம்புகோலும் பல்சக்கரமும் கொண்டு மனித பலத்தால் திறக்க முடிந்தது. உருளுவதில் இன்னொரு லாபம்: இலை நிமிர்ந்துகொண்டே பின்னுக்கும் நகர்ந்துவிடும். கீல் பாலத்தைவிடக் கால்வாய் அதிகம் திறக்கும்.

திறக்கும் வரிசை: முதலில் இரு பக்க ஸ்டேஷன்களும் பாதையை அடைக்க வேண்டும். பிறகு தண்டவாள முனைகளை விடுவித்து, இரண்டு இலையும் சந்திக்கும் இடத்தில் உள்ள பூட்டை எடுக்க வேண்டும். இரு பக்கமும் ஆட்கள் சேர்ந்து நெம்புகோலைச் சுற்றுவார்கள். கப்பல் போனதும் இறக்கி, பூட்டி, தண்டவாள மட்டம் பார்த்த பிறகே சிக்னல். தகராறு பெரும்பாலும் இறக்கும்போதுதான். இலை துளி மேலே நின்றாலும் நடுவில் தண்டவாளம் படி விழும், வண்டி அதில் இடித்துக்கொண்டு போகும். உருளும் தளம் உப்பில் அரித்தால் இலை ஒருபக்கம் சாய்ந்து உட்காரும்.

மாதிரி செய்யும் மாணவர்களுக்கு: வளைவுப் பகுதியை வழவழப்பாக வெட்டாதீர்கள். உருளாமல் வழுக்கிவிடும், இலை முன்னால் ஓடும். வளைவிலும் தளத்திலும் நெளி அட்டையின் நெளிவு வெளியே தெரியும்படி ஒட்டினால் அதுவே பல்லாக வேலை செய்யும். எதிர் எடைக்கு நாணயங்களை ஒவ்வொன்றாக ஒட்டிப் பாருங்கள். கையை விட்டால் இலை எந்தக் கோணத்தில் விட்டாலும் அப்படியே நிற்க வேண்டும், அதுதான் சரியான எடை.

புதிய பாலம் 6 ஏப்ரல் 2025-இல் திறந்தது. பழைய தூக்கில் கோளாறு கண்டு 2022 டிசம்பரிலேயே பழைய பாலத்தில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். புதியதில் 18.3 மீட்டர் கர்டர்கள் 99. நடுவில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரே துண்டு, இரு கோபுரங்களுக்கு நடுவே நேர் செங்குத்தாக 17 மீட்டர் ஏறும். மின்மோட்டார். கடல் மட்டத்திலிருந்து 22 மீட்டர் இடைவெளி கிடைக்கும். பழையது வானம் பார்க்கத் திறந்ததே, இது உயரத்தைக் கட்டுப்படுத்துகிறதே என்று சிலர் குறை சொல்கிறார்கள். பக்கத்திலேயே 1988-இலிருந்து சாலைப் பாலம் நிற்கிறது. அதன் அடியில் நுழையாத கப்பலுக்கு ரயில் பாலம் எவ்வளவு திறந்தும் பயனில்லை.

பழையது ரிவெட் அடித்தது. இரு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடுக்கில் உப்புநீர் புகுந்தால் வெளியே வராது. மேலே பெயின்ட் பளபளக்கும், உள்ளே தகடு உதிரும். புதியதில் முழுக்க வெல்டிங், மேலே துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சு, கான்கிரீட்டில் துருப்பிடிக்காத கம்பி. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் பழைய பாலத்தில் சிக்னல் தானாகச் சிவப்புக்குப் போய்விடும், வண்டி கரையில் நிற்க வேண்டியிருந்தது.

சேதுக்கரை

நன்றி, நன்றி. பாம்பன் ஜங்ஷன் விஷயம் தெரியாமலே ஒரே கோடாக வரைந்து வைத்திருந்தார்கள், மாற்றச் சொல்லிவிட்டேன். 1964-இல் பாலம் சீக்கிரம் சரியாயிற்று, ஆனால் தனுஷ்கோடிப் பாதை மட்டும் ஏன் திரும்ப வரவில்லை? மற்ற ஊர்கள் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

ரிவெட்

1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி, பாம்பனிலிருந்து 11.55-க்குக் கிளம்பிய 653-ஆம் எண் பாசஞ்சர் தனுஷ்கோடியை எட்டுவதற்குச் சற்று முன்னால் கடல் அலையில் போய்விட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் அந்த வண்டியில் இருந்தார்கள், யாரும் மிஞ்சவில்லை. ஊரும் அதே இரவில் போயிற்று.

பாலத்தில் 126 கர்டர்கள் விழுந்தன. ஆனால் தூண்களும் ஷெர்சர் தூக்கும் நின்றன. அலை கர்டரை இருக்கையிலிருந்து தூக்கித் தள்ளிவிட்டதே தவிர, அடித்தளத்தை அசைக்கவில்லை. அதுதான் மீட்பு வேகத்துக்கு அடிப்படை. முதலில் ஆறு மாதம் என்றார்கள், மேலிடம் மூன்று மாதம் என்று குறைத்தது. இளம் பொறியாளரான இ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் முடிந்தது. கடலடியில் கிடந்த பழைய கர்டர்களையே எடுத்து மறுபடி ஏற்றினார்கள்.

தனுஷ்கோடிப் பாதையின் நிலை வேறு. அங்கே அடித்தளம் என்பதே மணல். தண்டவாளம் மட்டும் போனால் போடலாம், தண்டவாளம் கிடந்த நிலமே இடம் மாறினால் என்ன செய்வது? வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்த பிறகு பாதைக்கு ஆளும் இல்லை. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது, 1980-களின் நடுவில் இலங்கைப் போரோடு அதுவும் நின்றது.

அமெரிக்காவில் கிட்டத்தட்ட இதே வரலாறு ஒன்று உண்டு. ஃபுளோரிடா கிழக்குக் கரை ரயில்வே தீவுகளின்மேல் பாலம் பாலமாகக் கட்டி 1912-இல் கீ வெஸ்ட் போய்ச் சேர்ந்தது. 1935 செப்டம்பர் புயல் அதை உடைத்தது. ஆனால் அங்கே மிஞ்சிய பாலங்களின்மேலேயே சாலை போட்டு 1938-இல் திறந்துவிட்டார்கள். தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குத் தார்ச் சாலை வர 2017 ஆனது. 53 வருடம்.

உச்சிப்புளி

ஊர்களைப் பற்றி நான் சொல்கிறேன். ரயில் இந்தக் கரையை ஒட்டி ஓடவில்லை. ராமநாதபுரம் வரை உள்நாட்டில் வந்து, உச்சிப்புளி தாண்டித்தான் கடலைப் பார்க்கிறது. ஆகவே அது கரை முழுவதையும் வளர்த்தது என்று எழுதாதீர்கள். மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், தனுஷ்கோடி என்று நாலு புள்ளிகளை வளர்த்தது. வடக்கே தொண்டி, தேவிபட்டினம், தெற்கே கீழக்கரை, ஏர்வாடி எதற்கும் ஸ்டேஷன் இல்லை. தோணியில் வந்த சரக்கை உள்நாட்டுக்கு அனுப்ப மாட்டுவண்டிதான், ரயிலடியோ தொலைவில். சரக்கு ரயில் இருக்கும் துறைக்குப் போனதில் வியப்பில்லை. கிழக்குக் கரை ரயில் பாதை வேண்டும் என்று இன்றும் அந்த ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதன் வேர் அங்கேதான்.

யாத்திரைப் பாதையும் செத்தது. சேதுபதிகளும் தஞ்சை மராட்டிய அரசர்களும் காசி, ராமேஸ்வரம் போகிறவர்களுக்காக வழிநெடுகச் சத்திரம் கட்டியிருந்தார்கள். ஒரத்தநாடு முத்தாம்பாள் சத்திரம் அந்த வரிசையில் பெரியது. ஒரு நாள் நடைக்கு ஒரு சத்திரம், அதைச் சுற்றிக் குளம், கடை, அன்னதானத்துக்கு மானிய நிலம். ரயில் வந்ததும் யாத்திரிகர் ராமேஸ்வரத்தில் நேராக இறங்கினார்கள், நடுவில் தங்கத் தேவையில்லை. தங்குமிடம், தீர்த்தமாட்டல், சங்கு, பாசிமணி வியாபாரம் எல்லாம் கோயில் வாசலில் குவிந்தது. 1897 ஜனவரியில் விவேகானந்தர் பாம்பனில் இறங்கி ராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை என்று சாலை வழியாக மதுரைக்குப் போனார். ஆறு வருடம் கழித்து வந்திருந்தால் மண்டபத்தில் ரயில் ஏறியிருப்பார். அந்த ஊர்களுக்கு யாத்திரிகர் கொண்டுவந்த வரும்படி எவ்வளவு சீக்கிரம் போனது என்பதை இதிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

மீன்: 1988-இல் சாலைப் பாலம் திறக்கும் வரை ராமேஸ்வரம் தீவிலிருந்து தரைவழி வெளியேற ரயில் ஒன்றுதான். லாரி தீவுக்குள் வர முடியாது. பிடித்த மீனை ஐஸ் போட்டு வண்டி நேரத்துக்குள் ஸ்டேஷனில் சேர்த்தாக வேண்டும், பிந்தினால் கருவாடுதான். வாடைக் காற்றில் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும், கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம். நம் மீனவர்கள் முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். எந்தக் காலத்திலும் ஏதாவது ஒரு பக்கம் தொழில் நடக்கும் என்பது தீவின் பலம். அந்தப் பலத்தைச் சந்தையோடு சேர்த்தது ரயில். சிறு வள்ளங்கள் கர்டருக்கு அடியிலேயே ஒரு கடலிலிருந்து மறு கடலுக்குப் போய்விடும், பெரிய படகு தூக்கு திறக்கும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும்.

மண்டபத்தில் இன்னொன்றையும் குறியுங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949-இலிருந்து 1971-இல் கொச்சிக்குப் போகும் வரை தலைமையகத்தை மண்டபம் கேம்பில் வைத்திருந்தது. இரண்டு கடலும் கைக்கெட்டும் தூரம், பக்கத்திலேயே ரயில் நிலையம். இந்திய மீன்வள ஆய்வின் அடித்தளம் அங்கே விழுந்தது என்பதை நம் மாவட்டப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மன்னார்க்காரன்

எங்கட பாதை 1990-இல் போரால் நின்றது. இந்திய நிறுவனமான இர்கான் திருப்பிக் கட்டி, 2015 மார்ச்சில் தலைமன்னார் வரை மறுபடி ஓடுது. உங்கட பக்கமும் 2007-இல் அகலப் பாதை ஆகிவிட்டது. 1914-இல் இரண்டு கரையிலும் கப்பல் இருந்தது, தண்டவாள அகலம் பொருந்தவில்லை. இண்டைக்கு அகலம் பொருந்துது, நடுவில் கப்பல் இல்லை. இதை வரைபடத்தின் ஓரத்தில் கட்டாயம் எழுதுங்கோ.

மீட்டர்கேஜ்

வரைபடத்துக்கு என் யோசனை. நாலு தாள் ஒன்றன்மேல் ஒன்றாக, கண்ணாடித் தாளில் போடுங்கள். 1902: மண்டபத்தில் முடியும் கோடு. 1914: பாலம், பாம்பன் ஜங்ஷன், இரு கிளை, தலைமன்னார் வரை புள்ளிக் கோடாகக் கப்பல். தூத்துக்குடி, கொழும்புக் கப்பல் கோட்டை 1902 தாளில் அழுத்தமாகவும் இதில் மெல்லியதாகவும் காட்டுங்கள், மாற்றம் கண்ணுக்குத் தெரியும். 1965: தனுஷ்கோடிக் கோடு இல்லை, கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து. கடைசித் தாள் இன்றைய நிலை: சாலைப் பாலம், புதிய ரயில் பாலம், அரிச்சல்முனைச் சாலை.

ராமேஸ்வரம், தனுஷ்கோடிப் புதுப் பாதைக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள், சுமார் 17 கிலோமீட்டர். மணல்மேடும் கடலோரச் சூழலும் கெடும் என்று மாநில அரசு தயக்கம் காட்டியது. அதைக் கோடாகப் போடாதீர்கள், இன்னும் தண்டவாளம் வரவில்லை. பழைய தடம் பாம்பனிலிருந்து பிரிந்தது, இது ராமேஸ்வரத்திலிருந்து பிரிவதாகத் திட்டம். இரண்டையும் ஒரே நிறத்தில் காட்டினால் பழையதைத்தான் மீட்கிறார்கள் என்று பார்ப்பவர்கள் நினைத்துவிடுவார்கள்.

தனுஷ்கோடியைக் குறிக்கும்போது வெறும் சிதைந்த தேவாலயப் படத்தோடு நிறுத்தவேண்டாம். ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் தந்தி நிலையம், மருத்துவமனை, பள்ளி என்று அங்கே இருந்தவற்றின் பெயரை எழுதுங்கள். கப்பல் ஏறுபவருக்கும் இறங்குபவருக்கும் வேண்டியவைதான் பெரும்பாலும். வரைபடத்தின் அளவை நாலு தாளிலும் ஒரேபோல இருக்கட்டும். கரைக்கோட்டை மட்டும் ஒவ்வொரு தாளுக்கும் அந்தந்தக் காலத்துச் சர்வே வரைபடத்தைப் பார்த்துப் புதிதாக வரையுங்கள். தனுஷ்கோடி முனையில் 1914-இன் கரை வேறு, இன்றைய கரை வேறு.